பம்ப் அடிக்கும் சத்தம்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி மூணு மணிக்குத் தண்ணீர் பம்ப் ஒரு தடவை ஓடி நின்றது. ஒரு விநாடிகூட இருக்காது. 'டுர்ர்' என்று சின்னதாக ஒரு சத்தம், பிறகு அமைதி. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் குடியிருக்கும் படகில் மேல்நிலைத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் குழாய்க்குள் அழுத்தம் குறையும், உடனே 12 வோல்ட் பம்ப் ஓடித் தண்ணீரைத் தள்ளும். குழாயை மூடினால் பம்பும் நிற்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும் நேரத்தில் அது தானாக ஓடினால் பெரும்பாலும் ஒரே ஒரு அர்த்தம்தான்: எங்கேயோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கரையில் உள்ள வீட்டில் என்றால் மாதக் கடைசியில் சுவர் ஈரமாகும்போது தெரியும். இங்கே என் காலுக்குக் கீழே இருப்பது பத்து மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அதற்கும் கீழே கால்வாய்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். 25 நிமிஷம் கழித்து மறுபடியும் 'டுர்ர்'.

நான் இங்கிலாந்தின் கால்வாய்களில் இந்தப் படகில் குடியிருக்க ஆரம்பித்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மடிக்கணினியும் கைபேசி சிக்னலும் இருந்தால் எந்த ஊரின் கரையில் வேண்டுமானாலும் வேலை நடக்கும். 2021-ல் 42,000 பவுண்டு கொடுத்து வாங்கினேன். 50 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். அகலத்தைக் கேட்டதும் எல்லாரும் நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி இந்தக் கால்வாய்களை வெட்டியபோது, படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளை, அதாவது லாக்குகளை, 7 அடி அகலத்துக்குக் கட்டினார். அந்த அளவுதான் இன்றைக்கு வரை படகின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. நான் கையை விரித்தால் கிட்டத்தட்ட இரண்டு பக்கச் சுவரும் தட்டும்.

எனக்கு நிரந்தரமாகக் கட்டும் இடம் இல்லை. என்னைப் போன்றவர்களைத் தொடர்ந்து பயணிப்பவர்கள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். 1995-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஓர் இடத்தில் அதிகபட்சம் 14 நாள் கட்டலாம், சில இடங்களில் அதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு கயிற்றை அவிழ்த்துக் கிளம்ப வேண்டும், காய்ச்சல் அடித்தாலும் கணக்கு முடிக்க வேண்டிய வாரமாக இருந்தாலும். உண்மையாக முடியாத நிலை என்றால் கால்வாய் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்கலாம். நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன், கொடுத்தார்கள். மற்றபடி இந்த 14 நாள் எனக்குப் பழகிவிட்டது. ஓர் இடம் மனசுக்குள் வந்து உட்காரும் சமயத்தில் அதை விட்டுப் போவது கஷ்டம்தான். சில ஊர்களை விட்டு வரும்போது தொண்டை அடைத்திருக்கிறது.

படகில் குடியிருக்க முதலில் வேண்டியது காது. வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எஞ்சினின் சுருதி, சங்கிலியின் கிணுகிணுப்பு, கயிறு இழுபடும் முனகல், அடித்தகடு ஏதோ ஒன்றின் மேல் உரசும் ஒலி, எல்லாமே தகவல். அப்பாவிடம் டீசல் பம்ப்செட் இருந்தது. வரப்பில் நின்றபடியே, "அது மூச்சு வாங்குது பார், ஃபில்டர் அடைச்சிருக்கு" என்பார். அப்போது எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. இப்போது நானும் பின்தளத்தில் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் செய்கிறேன்.

ப்ரொப்பெல்லரில் ஏதாவது சுற்றிக்கொண்டால் எஞ்சின் ஒரு மாதிரி கனத்துப் பேசும். வேகம் குறையும், பின்னால் தண்ணீர் பொங்கும், சுக்கான் கையில் அதிரும். லெஸ்டர் நகருக்குள் சோர் ஆற்றில் போய்க்கொண்டிருந்த ஒரு மார்ச் மாதக் காலையில் இப்படி ஆயிற்று. அங்கே அதற்கு முன்பே தேங்காய்கள் மிதந்து வந்து படகின் பக்கத்தில் 'டொக், டொக்' என்று முட்டியிருந்தன. ஆற்றைக் கங்கையாக நினைத்து யாரோ விட்டவை. கரையில் கட்டி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாவி பையில் இல்லாமல் ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகக் கூடாது, இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது. ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே படகுக்குள் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து தோள்பட்டை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். தண்ணீர் எலும்பைக் கவ்வியது. ஒரு நிமிஷம் துழாவுவதும் இரண்டு நிமிஷம் கையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குவதுமாக முக்கால் மணி நேரம்.

வெளியே வந்தது ஒரு புடவை. அரக்குச் சிவப்பு, அகலமான ஜரிகைக் கரை. ரொட்டி வெட்டும் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. காரியம் முடிந்த வீட்டிலிருந்து வந்ததா, பூஜையில் சாத்தி விட்டதா, தெரியவில்லை. நெசவு நல்ல நெசவு. அந்தத் துண்டுகளைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. அலசிக் காயவைத்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பிறகு அந்த மூடியை இறுக்கிப் பூட்டி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தேன். சரியாக மூடாமல் எஞ்சினை ஓட்டினால் ப்ரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே வாரி இறைக்கும். படகுகள் மூழ்கும் காரணங்களில் அதுவும் ஒன்று.

இன்னொரு காரணத்தை நான் நேரில் பார்த்தேன். அதை எழுத இவ்வளவு நாள் தயங்கினேன்.

லாக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே, இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு பெரிய கல் தொட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மடையைத் திறந்தால் தண்ணீர் ஏறும் அல்லது வடியும், படகும் அதோடு ஏறும் அல்லது இறங்கும். மடையைத் தூக்க 'வின்ட்லஸ்' என்று ஒரு வளைந்த இரும்புக் கைப்பிடி. மின்சாரம் வேண்டாம், எல்லாம் கை பலம். குறுகலான ஒரு லாக்கை ஒரு தடவை நிரப்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். மேல் கதவுக்குக் கீழே ஒரு கல் திட்டு உண்டு, அதற்குப் பெயர் 'சில்'. தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வடிய வடியத்தான் வெளியே வரும். அது எது வரை நீள்கிறது என்று கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் நாப்டனில் ஒன்பது லாக்குகள் வரிசையாக இறங்குகின்றன. இரண்டாவது வருஷம், செப்டம்பர் மாதம், நான் மட்டும்தான் படகில். நாலு லாக் நன்றாக இறங்கினேன். ஐந்தாவதில் கீழ்க் கதவின் இரண்டு மடையையும் தூக்கிவிட்டு, நடுக்கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றபோது கைபேசி அடித்தது. வாட் வரி கட்டும் தேதி விஷயமாக ஒரு வாடிக்கையாளர். பேசினேன். பேசிக்கொண்டே கயிற்றைத் தளர விட்டிருக்கிறேன். எதிர்காற்று படகை மெல்லப் பின்னால் தள்ளியிருக்கிறது.

முதலில் கேட்டது ஒரு தட்டு அலமாரியில் நகரும் சத்தம். அப்புறம் இன்னொரு தட்டு. பிறகு வரிசையாக எல்லாம். திரும்பிப் பார்த்தால் படகின் பின்பக்கம் கல் திட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது, முன்பக்கம் மட்டும் வடியும் தண்ணீரோடு கீழே போய்க்கொண்டிருக்கிறது. முன்தளத்தின் வடிகால் துளைகளுக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி. அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் நிமிஷக் கணக்குதான்.

கீழே தன் முறைக்குக் காத்திருந்த ஒரு படகுக்காரப் பெண்மணி கையில் வின்ட்லஸோடு மேலே நடந்து வந்துகொண்டிருந்தார். "மடையை இறக்கு! ரெண்டையும் இறக்கு!" என்று கத்திக்கொண்டே எதிர்ப்பக்க மடையின் பல் பூட்டைத் தட்டிவிட்டார். அது தடதடவென்று விழுந்தது. சாதாரணமாக அப்படி விழவிடக் கூடாது, பற்கள் உடையும். அன்றைக்கு அதுதான் சரி. நான் என் பக்கத்து மடையை இறக்கினேன். வடிவது நின்றது. "இப்ப மேல் மடை. பாதி மட்டும். மெதுவா," என்றார். நான் தூக்கினேன். தண்ணீர் திரும்ப ஏற ஏறப் பின்பக்கம் திட்டிலிருந்து 'தொம்' என்று விடுபட்டு மிதந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கால்கள் நிற்கவில்லை. அப்படியே கதவுக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னது ஒன்றுதான்: "படகு லாக்கில் இருக்கும்போது கண்ணைப் படகிலிருந்து எடுக்காதே. போன் காத்திருக்கும்." மிச்ச நாலு லாக்கும் என் கூடவே நடந்து வந்தார், தன் படகைக் கீழே காக்க வைத்துவிட்டு. சேதம் இரண்டு கோப்பைகள். சுக்கான் தப்பியது. இப்போது எந்த லாக்கை நெருங்கும்போதும் கைபேசியை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். வாடிக்கையாளர்களிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன், மூன்று மணி நேரம் எடுக்காவிட்டால் நான் லாக் வரிசையில் இருக்கிறேன் என்று.

குளிர்காலத்தைப் பற்றி எழுதினால் அதற்கே தனிப் பதிவு வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பரில் சோலார் பலகை பேருக்குத்தான், பேட்டரிக்காகத் தினமும் எஞ்சினை ஓட்ட வேண்டும். ஜன்னல் சட்டத்தில் வழியும் ஈரத்தைக் காலையில் துடைக்க வேண்டும். கழிவறையின் கழிவு சேரும் பெட்டியைக் கொட்டும் இடம் ஆறு மைல் தள்ளி இருந்தால் ஆறு மைல் போய்த்தான் ஆக வேண்டும். நிலக்கரி அடுப்பு ராத்திரி முழுக்கக் கனிய வேண்டும், ஆகவே கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை பட்டனை அழுத்திக் கேட்டுப் பார்க்கிறேன். வாசனையே இல்லாத விஷம் அது. படகில் குடியிருக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் எதைக் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கரிப்படகு வரும் நாள் இருக்கிறதே! 25 கிலோ கரி மூட்டைகளும் கேஸ் சிலிண்டரும் டீசலும் ஏற்றிக்கொண்டு, பழைய சரக்குப் படகொன்று பனிமூட்டத்துக்குள் இருந்து 'டுப்... டுப்... டுப்...' என்று வரும். சத்தம் பத்து நிமிஷம் முன்னாலேயே கேட்டுவிடும். கரையில் கட்டியிருக்கும் எல்லாரும் வெளியே வந்து நிற்போம். ஒரு ஜனவரியில் தண்ணீரின் மேல் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. அதை உடைத்துக்கொண்டு கரிப்படகுக்காரர் வந்தபோது கண்ணாடி மாளிகை இடிந்து விழுவதுபோல் ஒரு ஓசை. என் படகின் பக்கத்தில் கட்டிகள் உரசியபோது நான் மனசுக்குள் தாரைக் கணக்குப் பார்த்தேன். அடியில் பூசிய கறுப்புத் தாரைப் பனிக்கட்டி சுரண்டிவிடும், அதனால் நான் உறைந்த தண்ணீரில் படகை ஓட்டுவதே இல்லை. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் இப்படி உறைந்து கிடந்தன. ஏற்கெனவே ரயிலுக்கும் லாரிக்கும் தோற்றுக்கொண்டிருந்த சரக்குப் படகுத் தொழில் அதற்குப் பிறகு எழவே இல்லை. பத்தடி நீள அறைக்குள் மொத்தக் குடும்பமும் வாழ்ந்து, மிச்ச நீளம் முழுக்கச் சரக்கு ஏற்றிப் போனவர்கள் அவர்கள். ஒரு மூட்டைக் கரியை இறக்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் எனக்கு வரும்.

போன மே மாதம் தம்பி நாலு நாள் வந்து தங்கினான். முதல் நாள் முழுக்க அவனுக்குத் தாங்கவில்லை. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. இல்லாவிட்டால் நம் அலையில் அவர்கள் படகைக் கட்டியிருக்கும் முளைகள் பிடுங்கிக்கொள்ளும். பிரான்ஸ்டன் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் வயல்களுக்கு மேலே எப்போதோ தெரிய ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, ரெண்டு மணி நேரமா ஓட்டறோம். அந்தக் கோபுரம் அங்கேயேதான் நிக்குது," என்றான்.

"நிக்கட்டும்டா. கால்வாய் சுத்திச் சுத்தித்தான் போகும். மேட்டை வெட்டக் காசில்லாம சரிவோட ஒட்டியே தோண்டியிருக்காங்க."

"இதுல நீ என்னத்தக் கண்ட? ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தா நிம்மதியா இருந்திருக்கலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் அன்றைக்கு அவனுக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் பிரான்ஸ்டனின் ஆறு லாக்குகள் ஏறினோம். கிராண்ட் யூனியன் கால்வாயில் லாக்குகள் இரட்டை அகலம், இரண்டு படகுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஏறலாம். பக்கத்துப் படகில் ஒரு வயதான தம்பதி. அவர்களோடு சேர்ந்து கதவுக் கட்டையில் முதுகைக் கொடுத்து அவன் தள்ளினான். கதவு முதலில் அசையாது. இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும் வரை எத்தனை பலம் கொடுத்தாலும் அசையாது. சமமான கணத்தில் அதுவே இளகும். மூன்றாவது லாக்குக்குள் அவன் தள்ளுவதை விட்டுவிட்டுச் சாய்ந்து காத்திருக்கக் கற்றுக்கொண்டான்.

லாக்குகள் முடிந்ததும் சுரங்கம். 2042 கெஜம், கிட்டத்தட்ட 1.9 கிலோமீட்டர். 1796-ல் திறந்தது. தோண்டும்போது அளவு பிசகி உள்ளே ஒரு நெளிவு விழுந்துவிட்டது. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நுழைந்தோம். கொஞ்ச தூரத்தில் பின்னால் இருந்த வெளிச்சம் ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கியது. மேலே காற்றுக் கிணறுகளிலிருந்து தண்ணீர் தலையில் கொட்டியது. எதிரே ஒரு விளக்கு. அது நூறு அடியில் இருக்கிறதா, அரை மைலில் இருக்கிறதா என்று இருட்டில் சொல்ல முடியாது. எஞ்சின் ஒலி செங்கல் சுவரில் மோதித் திரும்பும் விதத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நான் வேகத்தைக் குறைத்து வலது சுவரை ஒட்டிப் பிடித்தேன். இரண்டு படகுகளும் கையால் தொடும் தூரத்தில் கடந்தன. அந்த ஆள் "ஈவினிங்" என்றார், அவ்வளவுதான். வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்று. தம்பி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பின்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்: "அப்பா இதுல வந்திருந்தா எஞ்சின் பக்கத்துலேயே பாய் போட்டுப் படுத்திருப்பார்க்கா."

இப்படியும் நாட்கள். அதே கோடையில் தண்ணீர் வற்றியது. 2025-ல் வசந்த காலத்திலிருந்தே மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் இறங்கிவிட்டன. மிட்லண்ட்ஸிலும் வடக்கிலும் பல கால்வாய்களில் லாக்குகளை அடைத்துப் பூட்டினார்கள். நான் இருந்த பகுதியில் ஆறு வாரம் நகர வழி இல்லை. நான் கட்டியிருந்த இடத்தில் மட்டம் முழங்கால் அளவு இறங்கியது. ஒரு ராத்திரி படகின் ஒரு பக்கம் சேற்றில் உட்கார்ந்து, கட்டில் சாய்ந்து, நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு விழித்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கயிறுகளைத் தளர்த்தி, ஒரு கழியால் ஆழம் பார்ப்பது வேலையாயிற்று. கரை ஓரத்துச் சேற்றில் சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. நாரை ஒன்று அசையாமல் நின்று எஞ்சிய மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பது எனக்கு வலித்தது. மழை வந்தால் அலுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஆறு வாரத்தில் என்னைவிட்டுப் போய்விட்டது.

சரி, செவ்வாய்க்கிழமை ராத்திரி.

தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருக்கிறது. நிறைந்திருந்தால் படகின் மூக்கு தாழும், தீரத் தீர நிமிரும். அதனால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை நான் கட்டிலின் சாய்வை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த வாரம் அது நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிமிர்ந்திருந்தது. கவனித்தேன், குளியல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

படகு எப்போதும் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்துதான் மிதக்கும். உள்ளே எங்கே ஒழுகினாலும் தரைக்கு அடியில் ஓடிப் பின் கோடியில் சேரும். அங்கே தரையில் ஒரு சின்னச் சதுர மூடி உண்டு. தூக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் பளபளத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். டீசல் வாடை இல்லை, சேற்று வாடை இல்லை. நல்ல தண்ணீர். கால்வாய் உள்ளே வரவில்லை. உடம்பெல்லாம் தளர்ந்து அப்படியே தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் குளியலறைப் பலகையைக் கழற்றினேன். வெந்நீர்க் குழாயின் ஒரு இணைப்பில் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. புது இணைப்பு கையிருப்பில் இருந்தது, மாட்ட இருபது நிமிஷம். தண்ணீரை வெளியேற்றத்தான் இரண்டு நாள். கோப்பையால் மொண்டு, பஞ்சால் ஒற்றி, பிழிந்து, மொத்தம் 31 லிட்டர். பாரத்துக்காகத் தரைக்கு அடியில் அடுக்கியிருக்கும் கான்கிரீட் பலகைகளுக்கு இடையிலிருந்து இன்னும் கசிந்து வந்துகொண்டிருக்கிறது, தினமும் அரைக் கோப்பை. மூடியைத் திறந்தே வைத்து, அடுப்பைக் கனிய விட்டு உலர்த்துகிறேன்.

நேற்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பம்ப் ஓடவில்லை. ஒரு மணிக்கு விழிப்பு வந்தது. ஓடவில்லை. நாலு மணிக்கு இரும்புக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. சனிக்கிழமையோடு இங்கே 14 நாள் முடிகிறது. கிளம்புவதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டும்.